வேலை கைமாறும் இடம்

குழுவாக வேலை செய்வது எப்படி என்று கற்றுக்கொடுக்க, ஆண்டுக்கு ஒருமுறையாவது எங்கள் நிர்வாகம் யாரையாவது அழைத்து வரும். கடற்கரையோர விடுதி ஒன்றில் ஒரு நாள் முழுவதும் காகிதக் கோபுரம் கட்டுவோம். கண்ணைக் கட்டிக்கொண்டு ஒருவர் தோளை ஒருவர் பிடித்து நடப்போம். மதியம் பிரியாணி இருக்கும். முடிவில் பயிற்சியாளர் தவறாமல் ‘ஊர் கூடித் தேர் இழுப்போம்’ என்பார், நாங்களும் கைதட்டிவிட்டுப் பேருந்து ஏறுவோம். அந்தப் பயிற்சிகளால் கெடுதல் ஒன்றும் நேர்ந்ததில்லை. ஆனால் ஒரு ரசாயனத் தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவில் 22 ஆண்டுகள் வேலை பார்த்த எனக்கு, ஒரு குழு ஒழுங்காக வேலை செய்கிறதா என்பதை அந்தக் காகிதக் கோபுரம் ஒருநாளும் காட்டிக் கொடுத்ததில்லை. அதைத் தெரிந்துகொள்ள விரும்புகிறவர் இரவு பத்து மணிக்கு ஐந்து நிமிடம் முன்னதாகக் கன்ட்ரோல் ரூம் வாசலில் வந்து நின்றால் போதும். பி ஷிஃப்ட் ஆட்கள் சி ஷிஃப்ட் ஆட்களிடம் சார்ஜ் கொடுக்கும் நேரம் அது. அவரவர் வேலையை அவரவர் நன்றாகச் செய்யும் இடங்களிலும், அந்த வேலை ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போகும்போதுதான் ஏதாவது கீழே விழுகிறது.

தேர் உவமையைச் சொல்கிறவர்கள் வடம் பிடிப்பதை மட்டுமே நினைக்கிறார்கள். நான் திருவாரூருக்குப் பக்கத்தில் பிறந்தவன். 96 அடி உயரமும் சுமார் 300 டன் எடையும் கொண்ட ஆழித்தேரின் வடத்தை ஆயிரக்கணக்கானோர் பிடிக்கிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் வடம் பிடிப்பவருக்குச் சக்கரம் தெரியாது. சக்கரத்தை ஒட்டியே நடந்து, வேண்டிய நேரத்தில் வேண்டிய கோணத்தில் கட்டையைச் செருகி, அவ்வளவு பெரிய தேரைத் திருப்புவதும் நிறுத்துவதும் முட்டுக்கட்டை போடுகிறவர்களின் வேலை. கால் தவறினால் உயிர் போகும் வேலை அது. பேச்சு வழக்கில் மட்டும் ‘முட்டுக்கட்டை போடுபவன்’ என்றால் காரியத்தைக் கெடுப்பவன் என்று பொருளாகிவிட்டது. மீட்டிங்குகளில் அந்தச் சொல் வசையாகப் புழங்குவதைக் கேட்கும்போதெல்லாம், இதைச் சொல்கிறவர் எந்தத் தேரையும் பக்கத்தில் நின்று பார்த்ததில்லை என்று நினைத்துக்கொள்வேன்.

எனக்கு இந்த விஷயத்தில் கண் திறந்தது ஒரு மழைக்காலத்தில். எங்கள் பிளாண்டில் ஒரு பம்ப்பின் மோட்டார் எரிந்துபோய், காயில் கட்டுவதற்காக வெளியே அனுப்பப்பட்டு, நான்கு நாள் கழித்துத் திரும்பி வந்தது. ஃபிட்டர்கள் அதைத் தூக்கி பேஸ் பிளேட்டில் உட்கார வைத்தார்கள். எலக்ட்ரீஷியன் கேபிளை இணைத்தார். இதற்கு அடுத்த வேலை, மோட்டாரையும் பம்ப்பையும் இணைக்கும் கப்ளிங்கை மாட்டாமல் மோட்டாரை மட்டும் ஒரு நொடி ஓடவிட்டு, அது சுற்றும் திசை சரிதானா என்று பார்ப்பது. மூன்று ஃபேஸ் ஒயர்களில் ஏதேனும் இரண்டு இடம் மாறிவிட்டாலும் மோட்டார் எதிர்த்திசையில் சுற்றும் என்பது ஐ.டி.ஐ. முதலாண்டு மாணவனுக்கும் தெரியும். அன்று பார்த்து மழையில் இன்னொரு பேனல் ட்ரிப் ஆகவே, எலக்ட்ரீஷியன் அங்கே ஓட வேண்டியதாயிற்று. திசையைக் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று தம் உதவியாளரிடம் சொல்லிவிட்டுத்தான் போனார். அந்த உதவியாளர் ஒப்பந்தத் தொழிலாளி. ஒப்பந்தக்காரரின் வேன் ஏழு மணிக்குக் கிளம்பும், அவரும் கிளம்பிவிட்டார். கேபிள் இணைத்திருப்பதைப் பார்த்த ஃபிட்டர், திசை பார்த்தாகிவிட்டது என்று எண்ணி, அலைன்மென்ட் பார்த்துக் கப்ளிங்கையும் மாட்டி, அதன்மேல் பாதுகாப்பு மூடியான கார்டையும் போட்டு போல்ட்டை இறுக்கிவிட்டார். மிகச் சுத்தமான வேலை. பத்து மணிக்கு லாக் புக்கில் ‘பம்ப் ரெடி’ என்று ஒரு வரி எழுதப்பட்டது.

இரவு ஒரு மணியளவில் ஓடிக்கொண்டிருந்த ஜோடிப் பம்ப்பில் சத்தம் வரத் தொடங்கியதும், சி ஷிஃப்ட் இன்சார்ஜ் லாக் புக்கைப் புரட்டி, ‘ரெடி’ என்பதைப் பார்த்து, ஸ்டார்ட் கொடுக்கச் சொன்னார். அந்த ரகப் பம்ப்பில், தண்ணீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லர் ஷாஃப்டின் மரையில் திருகப்பட்டிருக்கும். சரியான திசையில் சுற்றினால் தானே இறுகிக்கொள்ளும். எதிர்த்திசையில் சுற்றினால் கழன்று முன்னால் வந்து பம்ப்பின் வெளிக்கூடான கேசிங்கில் மோதும். மோதியது. இம்பெல்லர், மெக்கானிக்கல் சீல், கேசிங் மூன்றும் போயின. அந்த லைனில் ஓடியது வெறும் தண்ணீர் என்பதாலும், பக்கத்தில் யாரும் நிற்கவில்லை என்பதாலும் எவருக்கும் அடிபடவில்லை.

அந்த ‘ரெடி’யை எழுதியவன் நான்தான். மெமோ வாங்கியவனும் நான்தான். அதில் எனக்கு வருத்தம் இல்லை. வருத்தமெல்லாம் விசாரணையின் முடிவில் ஒட்டப்பட்ட சுற்றறிக்கையைப் பற்றியது. ‘பணியாளர்கள் கூடுதல் கவனத்துடனும் ஒருங்கிணைப்புடனும் செயல்பட வேண்டும்’ என்று அதில் இருந்தது. இதைப் படித்துவிட்டு மறுநாள் காலையில் எதை வேறு மாதிரிச் செய்வது என்று எவருக்கும் தெரியவில்லை. அன்று இரவு நாங்கள் கவனமில்லாமல் இருக்கவில்லையே. ஃபிட்டருக்கு ‘ரெடி’ என்றால் மெக்கானிக்கல் வேலை முடிந்தது. எலக்ட்ரீஷியனுக்கு ‘ரெடி’ என்றால் கேபிள் இணைத்தாயிற்று. ஆபரேட்டருக்கு ‘ரெடி’ என்றால் பட்டனை அழுத்தலாம். மூன்று பிரிவும் ஒரே சொல்லை மூன்று பொருளில் பேசிக்கொண்டிருந்தோம், அதுவும் பல ஆண்டுகளாக. அந்த மோட்டாரின் ஒயர்கள் தற்செயலாகச் சரியாக அமைந்திருந்தால் இன்னும் பல ஆண்டுகள் அப்படியே பேசிக்கொண்டிருந்திருப்போம்.

விசாரணையில் ஒருவரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு: சார்ஜ் கொடுப்பதற்கு எவ்வளவு நேரம் இருந்தது? பத்து மணிக்குப் பஞ்ச். கம்பெனி பஸ் 10.10க்குக் கிளம்பிவிடும். எங்கள் பிளாண்டிலிருந்து கேட்டுக்கு நடக்கவே ஆறு நிமிடம் ஆகும். ஷூவைக் கழற்றிக் கைகழுவும் நேரம் தனி. அந்த பஸ்ஸை விட்டால், அந்த நேரத்தில் நெடுஞ்சாலையில் ஷேர் ஆட்டோகூடக் கிடைக்காது. எட்டு மணி நேரத்தில் நடந்தவை அனைத்தும் கைமாற எங்களுக்கு இருந்தது இரண்டே நிமிடம். ‘எல்லாம் நார்மல், ரெண்டாம் நம்பர் ரெடி, வரேன் அண்ணே’ என்பதற்கு மேல் அதில் எதுவும் கொள்ளாது. அந்த வரியை எழுதியது என் கை என்றாலும், அதன் நீளத்தை முடிவு செய்தது பஸ் நேரம்.

இதைவிடப் பல நூறு மடங்கு கொடுமையாக இதே கதை நடந்த இடம் ஒன்று உண்டு என்பதை நான் பிறகுதான் படித்தேன். 1988ஆம் ஆண்டு ஜூலை 6ஆம் தேதி இரவு, ஸ்காட்லாந்தின் அபர்தீன் நகருக்கு வடகிழக்கே வடகடலில் நின்றிருந்த பைப்பர் ஆல்ஃபா என்ற எண்ணெய் எரிவாயு மேடை வெடித்து எரிந்ததில் 167 பேர் இறந்தார்கள். மேடையில் இருந்த 226 பேரில் 61 பேரே தப்பினர். மீட்கப் போன படகினர் இருவரும் இறந்தவர்களில் அடக்கம். அங்கும் இருந்தவை ஏ, பி என்று இரண்டு பம்ப்புகள். ஏ பம்ப் பராமரிப்புக்காக நிறுத்தப்பட்டிருந்தது. அந்த வேலை இன்னும் தொடங்கப்படவில்லை. ஆனால் அதே பம்ப்பின் லைனில் இருந்த பாதுகாப்பு வால்வைச் சோதனைக்காக வேறொரு குழு கழற்றியிருந்தது. மாலை ஆறு மணிக்குள் வால்வைத் திரும்பப் பொருத்த முடியவில்லை என்பதால், அந்த இடத்தில் பிளைண்ட் ஃபிளாஞ்ச் என்ற மூடித் தகட்டைப் போட்டு மூடிவிட்டு, வேலைக்கான அனுமதிச் சீட்டான பெர்மிட் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். பம்ப்புக்கு ஒரு பெர்மிட், வால்வுக்கு ஒரு பெர்மிட். இரண்டும் ஒன்றையொன்று குறிப்பிடவில்லை. ஷிஃப்ட் மாறும்போது பம்ப்பைப் பற்றிய செய்தி கைமாறியது, வால்வைப் பற்றிய செய்தி கைமாறவில்லை. இரவு பத்து மணிக்குச் சற்று முன் பி பம்ப் நின்றது. அதை மீண்டும் ஓட்ட முடியாமல் போகவே, ‘ஏ பம்ப்பில்தான் வேலை இன்னும் தொடங்கவில்லையே, அதை ஓட்டுவோம்’ என்று இரவு ஷிஃப்ட் ஆட்கள் முடிவு செய்தார்கள். அவர்களுக்குத் தெரிந்த அளவில் அது முற்றிலும் சரியான முடிவு. இறுக்கமாக மூடப்படாத அந்த ஃபிளாஞ்ச் வழியாக வாயு பீறிட்டது.

லார்டு கல்லன் தலைமையிலான விசாரணை 1990இல் தந்த அறிக்கையில் 106 பரிந்துரைகள் இருந்தன. பெர்மிட் முறை, தீயணைப்பு ஏற்பாடு, மேடையின் வடிவமைப்பு என்று அந்த அறிக்கை தொடாத இடமில்லை. எனினும் அதில் என்னை மிகவும் உறுத்திய பகுதி வேறு. பைப்பர் ஆல்ஃபாவுடன் குழாய்களால் இணைந்திருந்த கிளேமோர், டார்ட்டன் என்ற இரண்டு மேடைகளும், தொலைவில் தீ எரிவது தெரிந்த பிறகும் உற்பத்தியை உடனே நிறுத்தவில்லை. அவர்கள் அனுப்பிக்கொண்டிருந்த எண்ணெயும் எரிவாயுவும் அந்தத் தீயைப் பெரிதாக்கின. அந்த இரண்டு மேடைகளின் பொறுப்பாளர்களுக்கு நிறுத்தும் அதிகாரம் ஏட்டளவில் இல்லாமல் இல்லை. ஆனால் கோடிக்கணக்கில் நஷ்டம் தரும் ஒரு பட்டனை மேலிடத்தைக் கேட்காமல் அழுத்தும் தைரியம் வரவில்லை. வடம் பிடிக்க எல்லோரும் இருந்தார்கள், கட்டை போட ஒருவருமில்லை.

ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள் என்ற எங்கள் நோய் மிகப் படித்தவர்களையும் விட்டுவைக்கவில்லை. நாசா 1998 டிசம்பரில் அனுப்பிய மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் 1999 செப்டம்பர் 23 அன்று செவ்வாயை நெருங்கும்போது காணாமல் போனது. லாக்ஹீட் மார்ட்டின் குழுவின் மென்பொருள், விண்கலத்தின் சிறு ராக்கெட்டுகள் தந்த உந்தத்தை பவுண்டு கணக்கில் தந்தது. அதை வாங்கிக்கொண்ட நாசாவின் ஆய்வகக் குழு நியூட்டன் கணக்கு என்று எடுத்துக்கொண்டது. பாதை எங்கோ இடிக்கிறது என்று கணித்தவர்களில் சிலருக்குச் சந்தேகமும் வந்திருந்தது. அந்தச் சந்தேகம் உரியவரிடம் உரிய முறையில் போய்ச் சேரவில்லை.

கைமாறும் நேரத்தை ஒரு தனி வேலையாகவே நினைத்துச் சீர்செய்தவர்கள் என்றால், லண்டன் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் மருத்துவமனைக்காரர்களைச் சொல்வேன். இதய அறுவை சிகிச்சை முடிந்த குழந்தையைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றும் சில நிமிடங்களில், ஒரே நேரத்தில் ஒருவர் வென்டிலேட்டரை இணைப்பார், ஒருவர் மானிட்டர் ஒயர்களைப் பிரிப்பார், ஒருவர் மருந்து விவரத்தைச் சொல்வார், இன்னொருவர் பாதி காதில் வாங்கிக்கொள்வார். அறுவை சிகிச்சை நிபுணர் மார்ட்டின் எலியட்டும் தீவிர சிகிச்சை மருத்துவர் ஆலன் கோல்ட்மனும், களைத்துப்போன ஒரு நாளில் தொலைக்காட்சியில் ஃபார்முலா 1 பந்தயம் பார்த்துக்கொண்டிருந்தபோது, டயர் மாற்றும் குழு சில நொடிகளில் சத்தமே போடாமல் வேலையை முடிப்பதைக் கண்டு, ஃபெராரி அணியினரிடமே போய் ஆலோசனை கேட்டார்கள். அந்நாளில் காருக்கு முன்னால் பலகையைப் பிடித்து நின்ற ஒருவர் சொன்னால்தான் கார் நகரும். அதுபோல உங்கள் அறையில் யார் என்ற கேள்விக்கு அந்த மருத்துவர்களிடம் பதில் இல்லை. அதன்பின் மயக்க மருந்து நிபுணர் அந்தப் பொறுப்பை ஏற்றார். முதலில் கருவிகளை இணைப்பது, அது முடியும்வரை நோயாளியைப் பற்றிய பேச்சு இல்லை. பிறகு ஒருவர் பேச மற்றவர்கள் கேட்பது. அதற்குப் பிறகே கேள்விகளும் அடுத்த திட்டமும் என்று வகுத்தார்கள். 2007இல் வெளியான அவர்களின் ஆய்வின்படி, கருவிகள் சார்ந்த பிழைகள் 42 சதவீதமும், சொல்லாமல் விடுபட்ட தகவல்கள் 49 சதவீதமும் குறைந்தன. அதற்காகக் கூடுதல் நேரமும் தேவைப்படவில்லை என்பதுதான் எனக்கு வியப்பு. அந்த மருத்துவர்களை அதற்குமுன் யாரேனும் ‘குழு மனப்பான்மை இல்லாதவர்கள்’ என்று சொல்லியிருந்தால் அது எவ்வளவு அபத்தமாக இருந்திருக்கும்!

எங்கள் தொழிற்சாலையில் நடந்த மாற்றங்கள் இவ்வளவு அழகாக நடக்கவில்லை. முதலில் ‘ரெடி’ என்ற சொல்லை லாக் புக்கிலிருந்து விலக்கினோம். எழுதினால் ஐந்து ரூபாய் அபராதம், அந்தப் பணத்துக்கு டீ. அதற்குப் பதிலாக, எது முடிந்தது, எது முடியவில்லை, அதைப் பார்த்தவர் யார், எத்தனை மணிக்கு என்று எழுத வேண்டும். அடுத்ததாக, சார்ஜ் கொடுப்பதைக் கன்ட்ரோல் ரூம் மேசையிலிருந்து இயந்திரத்தின் பக்கத்துக்கு மாற்றினோம். மேசைக்கு முன் நின்று பேசும்போது நினைவுக்கு வராதவை, கழற்றிய கார்டையும் சிவப்பு டேக்கையும் பார்த்தவுடனே நினைவுக்கு வருகின்றன. கேட்டுக்கொள்கிறவர் தாம் கேட்டதைத் தம் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும் என்பதற்குத்தான் எதிர்ப்பு பலமாக இருந்தது. ‘நான் என்ன பள்ளிக்கூடப் பையனா?’ என்று முப்பது வருட சர்வீஸ் உள்ளவர்கள் முறுக்கிக்கொண்டார்கள். ஆனால் இளையவர்களுக்கு அது பெரிய வசதியாக அமைந்தது. பெரியவர் சொன்னது புரியவில்லை என்று நேருக்கு நேர் சொல்வது நம் ஊரில் மரியாதைக் குறைவு. திருப்பிச் சொல்லும்போது தடுமாறினால், பெரியவரே ‘அப்படியில்லை தம்பி’ என்று திருத்திவிடுவார். எவர் முகமும் சுளிக்க வேண்டியதில்லை.

பஸ் விஷயம்தான் இழுத்தது. வருகிறவர்கள் 9.45க்கு வர வேண்டும், போகிறவர்களின் பஸ் 10.30க்குக் கிளம்ப வேண்டும் என்று நாங்கள் கேட்டதற்கு, அந்தக் கூடுதல் நேரத்துக்குச் சம்பளம் உண்டா என்று யூனியன் கேட்டது. கேட்டதில் தவறே இல்லை. வேலையின் முக்கியமான பகுதி என்று ஒன்றைச் சொல்லிக்கொண்டே அதை இலவசமாகச் செய்யச் சொல்வது எந்த ஊர் நியாயம்? நிர்வாகம், யூனியன், பஸ் ஒப்பந்தக்காரர் மூவரும் பேசி முடிக்க ஏழு மாதம் ஆயிற்று.

அதன்பின் எதிர்பாராத ஒன்று நடந்தது. லாக் புக்கில் பதிவாகும் குறைகளின் எண்ணிக்கை மளமளவென்று ஏறியது. மாதாந்திர மீட்டிங்கில் அந்த கிராஃபைப் பார்த்த மேலாளர், புதிய முறை வந்தபின் பிளாண்ட் கெட்டுவிட்டது என்றே முடிவு கட்டிவிட்டார். ஹார்வர்டு பேராசிரியர் ஏமி எட்மண்ட்சன் 1990களில் மருத்துவமனைகளில் மருந்துப் பிழைகளை ஆராய்ந்தபோது இதே புதிரைச் சந்தித்தார் என்பதை அப்போது நான் அறிந்திருந்தால் மேலாளரிடம் எடுத்துச் சொல்லியிருப்பேன். நன்றாக இயங்கும் செவிலியர் குழுக்களில்தான் பிழைகள் அதிகமாகப் பதிவாகியிருந்தன. அவர்கள் அதிகம் தவறு செய்தார்கள் என்பதைவிட, செய்ததை மறைக்காமல் சொன்னார்கள் என்பதே பொருத்தமான விளக்கமாக அவருக்குப் பட்டது. எங்கள் மேலாளருக்கு இதைப் புரிய வைத்தது கிராஃப் அல்ல, அந்த ஆண்டின் உதிரிபாகச் செலவுக் கணக்கு.

இன்றும் தீராத குறை ஒன்று இருக்கிறது. பராமரிப்பு வேலையில் கை வைப்பவர்களில் பெரும்பகுதி ஒப்பந்தத் தொழிலாளர்கள். எந்த போல்ட்டில் மரை தேய்ந்திருக்கிறது, எந்த கேஸ்கெட் கிடைக்காமல் பழையதையே போட்டார்கள் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். ஆனால் சார்ஜ் கொடுக்கும் இடத்தில் அவர்கள் நிற்பதில்லை. வேன் ஏழு மணிக்கே போய்விடும். அன்று திசை பார்க்கவில்லை என்ற செய்தியும் அந்த வேனில்தான் ஏறிப் போனது. நாங்கள் பஸ்ஸை நிறுத்தினோம், அந்த வேனை நிறுத்த முடியவில்லை. பைப்பர் ஆல்ஃபாவில் வால்வைக் கழற்றியவர்களும் ஒப்பந்தக் குழுவினர்தான் என்பதைப் படித்தபோது, புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஆண்டு நடந்த ஒன்றை இன்னும் நினைத்துக்கொள்வேன். ஐ.டி.ஐ. முடித்து வந்த பையன் ஒருவன், சி ஷிஃப்டில் சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. பி ஷிஃப்டில் சார்ஜ் கொடுத்துக்கொண்டிருந்தவர் எங்கள் பிளாண்டிலேயே மூத்த ஆபரேட்டர். அவர் கைராசியைப் பற்றி எங்களிடையே பல கதைகள் உண்டு. “மோட்டார் மாத்தியாச்சு, ஓட்டிப் பாத்தாச்சு, கையெழுத்துப் போடு தம்பி” என்றார். பையன் பேனாவைத் திறக்காமலே, “அண்ணே, திசை யாரு பாத்தாங்கன்னு எழுதலியே” என்றான். ஒரு கணம் அங்கே இருந்த எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. பெரியவர் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, டார்ச்சை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று பம்ப்பை நோக்கி நடந்தார். அவன் பின்னால் ஓடினான். திசை பார்த்த எலக்ட்ரீஷியனைத் தேடிப் பிடித்து, பெயரும் நேரமும் எழுதி வாங்கி, இருவரும் கையெழுத்துப் போட்டு முடிப்பதற்குள் கேட்டில் பஸ் இரண்டு முறை ஹாரன் அடித்துவிட்டது. திசை சரியாகத்தான் இருந்தது.

10.40க்கு அவரோடு நானும் பஸ்ஸில் ஏறியபோது, பின் சீட்டிலிருந்து யாரோ எரிச்சலுடன், “என்னண்ணே இவ்ளோ நேரம்?” என்றார்கள். ஜன்னலோர இடத்தில் உட்கார்ந்து, ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டே அவர் சொன்னார்: “புதுசா ஒரு முட்டுக்கட்டை வந்திருக்குடா.”